தரையில் குற்றமில்லை

குளியலறைக்கு வினைல் தரை பொருந்துமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் பொருந்தும். கேட்டபோதே சொல்லியிருப்பேன். ஆனால் நீளமாகப் பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் பெரிய மனது பண்ணி ஒரு மேசையும் மின்விசிறியும் கொடுத்தீர்கள், சார். நன்றி.

வினைலில் இரண்டு வகை உண்டு. பலகை பலகையாக வருவது ஒன்று. சுருட்டிய பாய்போல ஒரே விரிப்பாக வருவது இன்னொன்று. கூடத்துக்குப் பலகை போதும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு விரிப்புதான் சரி, அதில் இணைப்பு கிடையாது என்பதால் தண்ணீர் இறங்க வழியில்லை. மேலே கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அடித்தரை நன்றாகக் காய்ந்து மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். சுவரோரம் முழுக்க சிலிக்கோன் பசையால் அடைத்துவிட்டு, அது இறுகும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டுக்குத் தரை போட வந்தவர் என் தங்கையிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

அவரைத்தான் நீங்கள் இப்போது அடுத்த அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். தரை சரியில்லாததால்தான் என் தங்கை விழுந்தாள் என்கிறீர்கள். அவரும் தன் வேலையில்தான் ஏதோ கோளாறு என்று ஒப்புக்கொள்கிறாராம். அவர் வேலையில் ஒரு கோளாறும் இல்லை. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன். ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒருவர் போட்ட கறைக்கு இன்னொருவர் திட்டு வாங்க ஒருநாளும் விட்டதில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவள் இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் எனக்கென்று எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. அதை அவளிடம் சொல்லிக் காட்டியதும் இல்லை. அவளுக்கு வரன்கள் வந்தன. ஒவ்வொருவரையும் சல்லடை போட்டுச் சலித்தேன். ஒருவன் சாப்பிடும்போது சத்தம் வந்தது. ஒருவனுடைய அம்மா எங்கள் வீட்டுத் திரைச்சீலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவன் நல்லவன்தான், ஆனால் வேறு ஊர். நான் வேண்டாம் என்றால் அவள் சரிக்கா என்பாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். இப்படியே அவளுக்கும் காதோரம் நரைத்தது. கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. எப்படிப்பட்ட மூக்கானாலும் கண்ணாடியைக் கோணாமல் உட்கார வைத்துவிடுவாள்.

தரையை மாற்றியதற்கே என் முழங்கால்தான் காரணம். பழைய ஓடுகள் வழுக்கின. நான் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவதைப் பார்த்து அவளாகவே கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாள். மறுநாள் அளவெடுக்க ஆள் வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நாங்கள் அவரைத் தரைக்காரர் என்போம். செருப்பை வாசலிலேயே கழற்றினார். குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன், அன்றைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

விரிப்பை வெட்டுமுன் பழைய செய்தித்தாள்களை ஒட்டிக் குளியலறை முழுவதற்கும் ஒரு காகித அச்சு எடுத்தார். கழிவறைக் கோப்பையைச் சுற்றி, குளியல்தொட்டியின் காலைச் சுற்றி, எல்லா வளைவுக்கும். ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டியிருந்தது. என் தங்கை பிடித்தாள்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க, கிழிஞ்சிடும்" என்றார் அவர்.

"விட்டா பறந்திடுமே."

"பறக்காது. நான் இந்தப் பக்கம் பிடிச்சிருக்கேன்ல."

இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டு ஒரு காகிதத்தைப் பிடித்துச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. போகும்போது அவர், "மேல எவ்வளவு தண்ணி கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது. அடியில போனாத்தான் வம்பு. போகாது, ஓரமெல்லாம் நல்லா அடைச்சிருக்கேன்" என்றார். என்னைப் பார்த்து, "வரேன்க்கா" என்றார். என்னை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை இருந்தது. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஓரம் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். கதவு தரையில் உரசுகிறதா என்று பார்க்க வந்தார். பிறகு எதையும் பார்க்காமலே வந்தார். ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே தங்கை சொன்னாள்.

"அக்கா, அவர் கேக்கறாரு."

"என்னத்த?"

"என்னைத்தான்."

அவளே தொடர்ந்தாள். "நான் எங்கயும் போகலக்கா. அவரே இங்க வந்து இருக்கேங்கறாரு. உனக்கும் ஒரு ஆள் துணையாச்சு."

முகம் கழுவப் போனேன். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பல்துலக்கிகள் நிற்கும் குவளையைப் பார்த்தேன். இனி அதில் மூன்றாவது ஒன்று நிற்கும், பக்கத்தில் ஒரு சவரக்கத்தி. கூடத்தில் என் நாற்காலியில் உட்காரலாமா என்று நானே யோசித்துவிட்டு உட்கார வேண்டிய நாளும் வரும். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள். அவள் என்னை விட்டுப் போயிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன் என்றே நினைக்கிறேன். என் கண்ணெதிரே போவதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ஆனாலும் நான் நியாயமாகவே பேசினேன். "ஒரு மனுஷனை அவன் பேச்சை வெச்சு எடை போடாதே, அவன் செஞ்ச வேலையை வெச்சுப் போடு. மழைக்காலம் முடியட்டும். அந்தத் தரை அப்படியே நின்னா எனக்குச் சம்மதம்" என்றேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அது நமக்கு அப்புறமும் நிக்கும்க்கா!" அவரிடம் சொன்னபோது அவரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாராம்.

தரை நிற்கத்தான் செய்தது. அதுதான் தொல்லை. நான் ஒரு சொல் சொன்னால் மாற மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்தால் நான் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

அவள் வேலைக்குப் போன பிறகு, தொட்டிக்காலுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத மூலையில், வெண்ணெய் தடவும் கத்தியால் பசையைக் கீறி ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன். அடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். திரும்ப அழுத்தி விட்டேன். மறுநாளும் அப்படியே. முழங்காலோடு அந்த மூலையில் குனிந்து நிமிர்வது லேசான காரியமில்லை. எழுந்ததும் சிறிது நேரம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொள்வேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்த்துகிறவளின் இடுப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

தரையிலிருந்து பூஞ்சை வாடை வந்தது. தங்கை அவரைக் கூப்பிட்டாள். தரையைத் தட்டித் தட்டிக் கேட்டார், குழாய்களைப் பார்த்தார், ஓரம் முழுவதையும் மறுபடி அடைத்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கே புரியலங்க, இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்ல" என்றார். அவர் முகம் வாடியதைப் பார்த்து அவள் வெறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காபி போட்டுக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. அவர் போன பிறகு என்னிடம், "தரை எப்படிப் போனாலும் பரவாயில்லக்கா. எனக்கு அவர்தான் முக்கியம்" என்றாள். பந்தயத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டு, தோற்கப்போகிறோம் என்றதும் பந்தயமே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்? எனக்கு முதல்முறையாக அவள்மேல் கோபம் வந்தது.

அவர் புதிதாக அடைத்ததையும் நான் கீறினேன். சில வாரங்களில் குளியலறை வாசல் பக்கம் தரை உப்பியது. அவர் வந்து, உப்பிய இடத்தின் குறுக்கே சிவப்பு ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, "இங்க மட்டும் காலை வெச்சிடாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல முதல் வேலையா வந்திடறேன். மொத்தமா உரிச்சிட்டுப் புதுசா போட்டிடலாம். அடியில பாத்தாத் தண்ணி எந்த மூலையிலேருந்து வருதுன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

தெரிந்துவிடும் என்றதும் எனக்குப் பயம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். பயம் இல்லை, சார். அலுப்புதான் வந்தது. இன்னும் எத்தனை நாள் இதைச் செய்வது என்ற அலுப்பு. சனிக்கிழமை வாசல் பக்கத்து ஓரத்தையும் கொஞ்சம் தூக்கி விட்டேன். அவர் வந்ததும் தன் வேலையின் லட்சணத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்றுதான். சிவப்பு நாடாவையும் எடுத்துவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வருவதற்குள் குளித்துத் தயாராகிவிட வேண்டும் என்று தங்கை அவசரமாகப் போனாள். புது உடுப்பை நாற்காலிமேல் எடுத்து வைத்திருந்தாள். நான் கூடத்தில் கூடை நிறையத் துண்டுகளை வைத்துக்கொண்டு மடிக்க உட்கார்ந்தேன். தண்ணீர் நின்ற சத்தம் கேட்டது. பிறகு அவள் விழுந்த சத்தம் கேட்டது. பீங்கானில் மோதினால் ஒரு தனிச் சத்தம் வரும்.

"அக்கா" என்றாள்.

நான் எழுந்தேன். எழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எழுந்து நின்று யோசித்தேன். இதோ அவர் வந்துவிடுவார். முதல் வேலையாக என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். நான் போய்த் தூக்கிவிட்டால் அவள் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள், அவரைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்பாள், அவரும் மன்னிப்புக் கேட்பார், மறுபடி காபி. அவரே வந்து பார்க்கட்டும். தன் தரை என்ன செய்திருக்கிறது என்று ஒருமுறை அவரே பார்த்தால், இனி அந்த வாசற்படி ஏற அவருக்கே கூச்சமாக இருக்கும். அதனால் மறுபடி உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள்தானே, குளியலறைக்குத் தாழ் போடும் பழக்கம் கிடையாது. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. பிறகு கூப்பிடவில்லை. வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் துண்டுகளை மடித்தேன். ஓட்டல் மடிப்பு, விளிம்பு வெளியே தெரியாது. எவ்வளவு நேரம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கூடை காலியாகும்வரை.

பிறகு தலையணை உறைகளை எடுத்துக்கொண்டேன்.

அவர் வந்தபோது தோளில் புது விரிப்புச் சுருள். கையில் பளபளவென்று ஒரு இரும்புக் கம்பி. "மன்னிச்சுக்கங்கக்கா, லேட்டாயிடுச்சு. உங்க முட்டிக்குப் பிடிச்சு எழுந்திரிக்க வசதியா இருக்கும்னு இதை வாங்கப் போனேன். கடை திறக்கறவரைக்கும் நிக்க வேண்டியதாப் போச்சு" என்றார். நான் குளியலறையைக் கைகாட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் அவரே உங்களிடம் சொல்லியிருப்பார். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னபோது அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அவள் தலைமுடி அப்போதும் ஈரமாக இருந்தது. துவட்டிவிட ஒரு துண்டைக்கூட நான் எடுத்துப் போகவில்லை.

நீங்கள் அந்த விரிப்பை உரித்துப் பாருங்கள். தொட்டிக்காலுக்குப் பின்னால் கத்தி கீறிய தடம் இருக்கும். கத்தி சமையலறையில் முதல் இழுப்பறையில் இருக்கிறது, கழுவித்தான் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றியது நான். ஓரத்தைத் தூக்கியது நான். நாடாவை எடுத்தது நான். என் தங்கை கூப்பிடக் கூப்பிட உட்கார்ந்திருந்ததும் நான்தான். என் தங்கையைக் கொன்றது நான் என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தரையில் குற்றமில்லை. அந்த மனிதர் நல்ல வேலைக்காரர். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஒன்று, சார். முதல் வேலையாக வருகிறேன் என்று சொன்னவர் எத்தனை நேரம் கழித்து வந்தார் என்று நீங்களும் கணக்குப் பார்த்திருப்பீர்கள். சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாத ஆளை நம்பி என் தங்கையை நான் எப்படிக் கொடுப்பேன்?