போகாது என்று அனுப்பிய மெயில்

சைதாப்பேட்டையில் பஸ் ஏறிய இருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் ரிப்பேர் சாமான் பை.

“காலைல உன் வீட்டு மோடத்தைச் சரி பண்ணிட்டேன் மச்சி. லைன் கிடைச்சதும், கம்ப்யூட்டர்ல நின்னுக்கினு இருந்த மெயில் தானாவே போயிடுச்சு.”

“ஐயோ, போயிடுச்சா? மேனேஜரைக் கண்டபடி திட்டி அவருக்கே எழுதினதுடா அது! லைன்தான் செத்துக் கிடக்குதே, எங்க போகப்போகுதுன்னு தைரியமா அனுப்பினேன்.”

“இன்னும் பார்த்திருக்க மாட்டாரு. அவரு வீட்லயும் லைன் வரல.”

“அப்பாடா! எப்ப சரி பண்ணுவாங்க?”

பை வைத்திருந்தவர் அதன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இப்ப அங்கதான் போய்க்கினு இருக்கேன்.”

அடையாறு டிப்போ வந்தது. அவர் எழுந்தார். மற்றவருடைய கை அந்தப் பையின் வாரை விடவில்லை.