சின்ன டிரம்

அந்த டிரில்லைக் கொஞ்சம் கீழ வைங்க தம்பி. சுவர் எங்கயும் ஓடிப் போயிடாது. உங்க ஏசியும் ஓடாது, வாசல்ல பெட்டியோட உக்காந்துதானே இருக்கு. வெளியில மாட்டுற யூனிட்டுக்கு இந்த இடம்தான் வேணும், அதனால இந்த டிரம்மை எடுக்கணும்கறீங்க. எடுத்துடலாம். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி இது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

குப்பைத் தொட்டியா? பரவாயில்ல, கோவம் இல்ல. மாடி வீட்டம்மாகூட ரெண்டு நாள் இதுக்குள்ள பழத்தோலைப் போட்டுட்டாங்க.

கூலர் தம்பி. நானே செஞ்சது. இருங்க, இந்த ஒரு குடத்தை ஊத்திடறேன்... ம்ம். ஆச்சு. அடிப்பாதி முழுக்க நிறைஞ்சு நிக்குது பாத்தீங்களா? இனி ஒரு மணி நேரத்துக்குக் கவலையில்ல.

நீங்க சத்தமாவே பேசலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்ல உக்காந்திருக்கறது எங்க வீட்டம்மாதான். ஆனா இந்த ஃபேன் போடற கூச்சல்ல நாம பேசறது உள்ள கேக்காது. எதிர் வீட்டுக்குப் புதுசா வந்தவங்க, இங்க மாவு மில்லு இருக்குன்னு நினைச்சுப் பாத்திரத்தோட வந்து நின்னாங்கன்னா பாத்துக்குங்க.

நான் இன்ஜினியரான்னா? கிட்டத்தட்ட. பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் லேப் அட்டெண்டர். முப்பத்தோரு வருஷம். பசங்க ஒரு தடவை பாடம் கேட்டாங்க, பாஸாகிப் போயிட்டாங்க. அதே பாடத்தை முப்பத்தோரு தடவை கேட்டவன் நான். தண்ணி ஆவியாகும்போது சுத்தி இருக்கற சூட்டையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போகும். அவ்வளவுதான் விஷயம். டிரம்மோட மேல்பாதியில மூணு பக்கம் சதுரமா வெட்டி, கம்பி வலை அடிச்சு, தச்சுப் பட்டறையில இழைச்சுப் போட்ட மரச்சுருளை அதுக்குள்ள திணிச்சிருக்கேன். அடியில மீன் தொட்டி மோட்டார். அது தண்ணியை மேல ஏத்தி சுருள் மேல சொட்டவிடும். நாலாவது பக்கம் ஃபேன். வெளியில இருக்கற அனல் காத்து ஈரச் சுருளுக்குள்ள புகுந்து, குளிர்ந்து உள்ள போகும். இப்ப உள்ள நின்னு அளவெடுத்தீங்களே, எப்படி இருந்துச்சு?

பரவாயில்லையா! ஏசிக்காரர் வாயால பரவாயில்லன்னு வந்தா எனக்கு அது போதும் தம்பி.

என்ன ஒண்ணு, அந்தப் பாடத்துல நான் பாதிதான் கேட்டிருக்கேன். வாத்தியார் ஆரம்பிச்ச இருபதாவது நிமிஷம் நான் தராசைத் தூக்கிக்கிட்டு அடுத்த வகுப்புக்குப் போயாகணும். முப்பத்தோரு வருஷமும் அதே இருபதாவது நிமிஷம். ஆவியானா குளிரும்கறது வரைக்கும் எனக்குத் தலைகீழாத் தெரியும். ஈரக் காத்து வெளிய போக ஒரு வழி விடணும், இல்லன்னா ரூமே புழுங்கிடும்கறது மீதிப் பாதியில இருந்திருக்கு. நான் என்ன பண்ணினேன்? போன வருஷம் முதல் மாடல் செஞ்சப்ப, மத்த ஜன்னல், கதவு இடுக்கு, ஏன், சாவி ஓட்டையைக்கூட பேப்பர் வச்சு ஒட்டினேன். குளிர் வீணாப் போயிடக் கூடாதில்ல!

அந்த நேரம் பாத்து மச்சான் வந்தான். எங்க வீட்டம்மாவோட தம்பி. அவளுக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருத்தன்தான். மறுநாள் அவனுக்கு இன்டர்வியூ. ராஜ உபசாரம் பண்றேன்னு அந்த ரூம்லயே படுக்க வச்சேன். காலையில கதவைத் திறந்தா உள்ள மேகம் மாதிரி நிக்குது. காலண்டர் சுருண்டு போச்சு. தலைகாணியைப் பிழிஞ்சா தண்ணி வருது. இன்டர்வியூ சட்டை மர பீரோவுக்குள்ள மாட்டிக்கிச்சு. கதவு ஊறி உப்பிப் போயி, நாங்க மூணு பேர் இழுத்தும் அசையல. கடைசியில என் சட்டையைக் கொடுத்தேன். அவன் ஆறடி, நான் இவ்வளவுதான். கை ரெண்டும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழயே நின்னுபோச்சு.

அந்தச் சட்டையோட சாப்பிட உக்காந்தவன் சொல்றான், மாமா, குளிர வைப்பீங்கன்னு பாத்தா ஆவியில வேக வச்சு எடுத்துட்டீங்களேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க பொண்ணு அப்ப இங்கதான் இருந்தா, அவ சிரிச்சா. எங்க வீட்டம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சா. அதுதான் எனக்குப் பொறுக்கல. ஓசியில படுத்து எழுந்தவனுக்கு வாய் மட்டும் குறைச்சல் இல்லைன்னு சொல்லிட்டேன்.

ஆமா தம்பி. தப்புதான். தட்டுல கை வச்சவன் அப்படியே எழுந்து கையைக் கழுவிட்டுக் கிளம்பிட்டான்.

மன்னிப்பு கேக்காம இருப்பேனா? நானே போன் பண்ணி, தெரியாம சொல்லிட்டேன்டான்னேன். அட விடுங்க மாமா, வேலை கிடைச்சுடுச்சு, உங்க சட்டை ராசியான சட்டைன்னு சிரிக்கறான். இன்னும் திருப்பித் தரல. அவன் மறந்தாச்சு. இவ மறக்கல. அன்னைக்கு மூடின வாய்.

திட்டினாலாவது பதிலுக்குப் பதில் பேசலாம். இது பேச்சே கிடையாது. பால் வேணும்னா காலண்டர் தாளைக் கிழிச்சு பால்னு எழுதி மேஜை மேல வைப்பா. கேஸ் தீந்தா, கேஸ். சாப்பாடு தயார்னா தட்டு டங்குனு ஒரு சத்தம். இப்படிப் பத்து மாசம். பொண்ணும் வேலைக்குன்னு வெளியூர் போயிட்டா. நான் டிவி செய்திக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, ஆனா பக்கத்துல ஆளை வச்சுக்கிட்டே தனியா இருக்கறது ரொம்பக் கஷ்டம் தம்பி.

அப்புறம் எங்க பழைய பிசிக்ஸ் வாத்தியாரை பஸ் ஸ்டாப்புல பாத்தேன். நடந்ததைச் சொன்னதும் நின்ன வாக்குலயே மீதிப் பாடத்தை முடிச்சுட்டாரு. எதிர் ஜன்னலைத் திறந்து வையிய்யா, அவ்வளவுதான்னுட்டாரு. இந்த வெயில் ஆரம்பிச்சதும் ரெண்டாவது மாடல் செஞ்சேன். அவ மெஷின் போட்டிருக்கற இந்த ரூம் மேற்கு பாத்தது, மத்தியானம் ஆச்சுன்னா நெருப்புதான். உனக்காகத்தான் செஞ்சேன்னெல்லாம் சொல்லிக்கல. மாட்டினேன், எதிர் ஜன்னலைத் திறந்து வச்சேன், வந்துட்டேன்.

மூணாவது நாள் காலையில ரொப்ப மறந்துட்டேன், மத்தியானம் தண்ணி தீந்து வெறும் அனலா அடிச்சிருக்கு. உள்ளேர்ந்து ஒரு குரல். தண்ணீ! அவ்வளவுதான். எனக்கு ஒரு நிமிஷம் யாரு பேசறான்னே புரியல. குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். பாதி டிரம்முல, பாதி என் மேல.

என்ன சொல்றீங்க? ஃப்ளோட் வால்வு போட்டா ஊத்தற வேலையே இல்லையா? குறைஞ்சா தானா திறக்கும், நிறைஞ்சா தானா மூடிக்கும். தெரியாம இல்ல தம்பி. வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு. அந்த அலமாரியில, பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி, பிரிக்காத கவரோட இருக்கு. இன்னொண்ணும் சொல்றேன், முதல்ல இங்க வச்சிருந்தது இதைவிட ஏழெட்டு மடங்கு பெரிய டிரம். காலையில ரொப்பினா சாயங்காலம் வரைக்கும் வரும். அதை எடுத்துட்டு இந்தச் சின்ன டிரம்மை வச்சது நான்தான். இது மணிக்கு ஒரு தடவை தீந்துடும்.

சிரிக்காதீங்க. ஒரு நாளைக்கு ஏழு தடவை அவ குரல் கேக்குது. போன வாரம் ஒரு தடவை, தண்ணி தீந்துடுச்சு, ஊத்துங்கன்னா. முழுசா மூணு வார்த்தை! நான் அன்னைக்கு ரெண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டேன்.

ஏசி பொண்ணு அனுப்பினது. அப்பா குடம் தூக்கறாரேன்னு அவளுக்கு மனசு கேக்கல. நல்ல பொண்ணு. ஆனா இதை மாட்டிட்டு ரிமோட்டை இவ கையில கொடுத்துட்டுப் போயிடுவீங்க. அதுக்கப்புறம் இவளுக்கு என்கிட்ட சொல்ல என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க? அதனால உங்க ஃபாரத்துல, சுவர் தாங்காதுன்னு ஒரு வரி எழுதிடுங்க. பொண்ணுக்கு நான் சமாதானம் சொல்லிக்கறேன். சுவர் நல்லாத்தான் இருக்கு, எனக்கும் தெரியும். நான்தான் தாங்க மாட்டேன், அதை எப்படி எழுதறது?

இருங்க இருங்க. கேட்டுச்சா? தண்ணின்னு கூப்பிடறா.

என்ன அப்படிப் பாக்கறீங்க? ஆமா, இப்பதான் ஊத்தினேன், உங்க கண்ணு முன்னாடியே. உள்ள குளுகுளுன்னுதான் காத்து போய்க்கிட்டிருக்கும், அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? நாலு நாளா இப்படித்தான். டிரம் நிறைஞ்சு நிக்கும்போதே கேக்கறா. நானும் எதுவும் சொல்றதில்ல.

இதோ வந்துட்டேம்மா!

அந்தச் சொம்பை எடுங்க தம்பி. முதல்ல ரெண்டு சொம்பு மொண்டு கீழ கொட்டணும். ஊத்த இடம் வேணுமில்ல.