குறி தவறிய நாளில் ஆர்வில் டெஸ்டால்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, பழந்துப்பாக்கிச் சேகரிப்போர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் ஆர்விலின் துணைவியார் ஆல்மா டெஸ்டால் அம்மையாரே, பனியையும் பாராமல் நெப்ராஸ்காவின் மூலைமுடுக்குகளிலிருந்து ஆர்விலுக்கு விடைகொடுக்க வந்து கூடியிருக்கும் நண்பர்களே!

நான் லோரீன் ஹாஸ்கெட். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சந்தைத் திடல்தோறும் ஆர்வில் டெஸ்டால் துப்பாக்கி வித்தை காட்டியபோது, எதிரே விரலிடுக்கில் சுண்ணக்கட்டி பிடித்து நின்ற பெண். இதோ, என் விரல்கள் அத்தனையும் இருக்கின்றன!

‘குறி தவறாத டெஸ்டால்' என்றன சுவரொட்டிகள். அந்த மாமனிதரின் குறி தவறியதே இல்லையா? தவறியது! நான் கண்ணால் கண்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கான்சாஸில் ஓர் அறுவடைச் சந்தை. நண்பகல் வெயில். நான் கையை நீட்டி நிற்கிறேன். அவர் துப்பாக்கியை உயர்த்துகிறார். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு விவசாயி வந்தார். பெயர் ஹாலிஸ் கிரோன். நல்ல போதை. கையில் பழைய துப்பாக்கி.

“ஏய் டெஸ்டால்! உன் துப்பாக்கியில என்ன தில்லுமுல்லு வெச்சிருக்கியோ! இந்தா, எங்கப்பன் மான் சுட்டது. இதால சுடு பாப்போம்!”

“சுடு! சுடு!” என்று கூட்டம் கத்தியது. எங்களை அனுப்பிய தோட்டாக் கம்பெனியின் ஆள் பெக்வித் ஓடிவந்து ஆர்விலின் காதைக் கடித்தார்.

“சுட்டுத் தொலைய்யா. கம்பெனி மானம் போகுது. மாட்டேன்னா நாளைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கங்க. பழகாத துப்பாக்கிய அவ கைக்கு நேரா நீட்ட மாட்டேன்.”

எனக்கு ரோஷம். “நான் நிக்கறேன், சுடுங்க!” என்றேன்.

“பேசாம இந்தப் பக்கம் வாம்மா.”

நான் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த பலகையின் இடுக்கில் சுண்ணக்கட்டியைச் செருகினார். அந்தப் பழந்துப்பாக்கியால் சுட்டார். சுண்ணக்கட்டி அப்படியே இருந்தது! தோட்டா ஒரு சாண் இடப்பக்கம் பாய்ந்திருந்தது. திடலே விழுந்து விழுந்து சிரித்தது.

“லோரீன், வந்து கைய வெச்சுக் காட்டு” என்றார்.

வைத்தேன். அந்த ஓட்டை என் மணிக்கட்டுக்கு நேர் பின்னால் இருந்தது. சிரிப்பு அடங்கியது.

அத்தோடு முடிந்ததா? இல்லை! ஹாலிஸின் முகம் கறுத்தது. “எங்கப்பன் துப்பாக்கியக் கேவலப்படுத்திட்டியே!” என்று அதைப் பிடுங்கித் தோட்டாவைத் திணித்தார். குழல் ஆர்விலின் மார்புக்கு நேரே ஆடியது. பெண்கள் அலறினார்கள். பெக்வித் வண்டிக்கடியில் புகுந்துகொண்டார்.

ஆர்வில் என்ன செய்தார்? இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைத் தொட்டாரா? ஓடினாரா? வெறுங்கையை விரித்துக் காட்டியபடி ஹாலிஸை நோக்கி நடந்தார்!

“உங்கப்பா துப்பாக்கி தங்கமான துப்பாக்கிங்க. அது மேல தப்பில்ல. முனையில குறி பாக்குற முள்ளு சாஞ்சிருக்கு. கீழ விழுந்துச்சா?”

ஹாலிஸ் துப்பாக்கி முனையைப் பார்த்தார். “வண்டியிலேர்ந்து விழுந்துச்சு.”

“எப்ப?”

“அவரப் பொதச்சுட்டுத் திரும்பி வர்றப்ப. போன வாரம்.”

குழல் மெல்லத் தாழ்ந்தது. ஆர்வில் துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை வெளியே எடுத்தார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, பேனாக்கத்தியின் பிடியால் குறிமுள்ளைத் தட்டி நிமிர்த்தினார். ஹாலிஸுக்குக் குடிக்கக் காப்பி வரவழைத்தார். கை நடுக்கம் நிற்கும்வரை அவருடைய அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “இப்ப நீங்க சுடுங்க” என்றார்.

ஹாலிஸ் சுட்டார். சுண்ணக்கட்டி தூளாய்ப் பறந்தது! முதலில் கைதட்டியவர் யார்? எங்கள் ஆர்வில்!

பெக்வித் சொன்னபடியே செய்தார். மறுநாள் எங்களுக்கு வேலை இல்லை. ஆர்வில் தீவன ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். ஆனால் பழந்துப்பாக்கிகள் மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது அன்றுதான். எந்தத் துப்பாக்கி வந்தாலும் “இது யார் கையில இருந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்பார். உளுத்துப்போன துப்பாக்கியானாலும், உள்ளே தோட்டா இல்லை என்று திறந்து காட்டாமல் எவர் கையிலும் கொடுக்கமாட்டார். “கிழவனுக்குப் பயம்” என்று உங்களில் சிலர் கேலி செய்தீர்கள். ஆம், பயம்தான்! அந்தப் பயத்தால்தான் நான் இரு கையோடு நிற்கிறேன்.

அவர் சேர்த்தவை சிதறாது. இந்த மண்டபத்திலேயே, ஒவ்வொன்றுக்கும் உரியவர் பெயரோடு காப்போம். இங்கே வந்திருக்கும் ஹாலிஸும் நானும் பொறுப்பேற்கிறோம். எங்களுக்குப் பின் நீங்கள் ஏற்கவேண்டும். திறந்து காட்டாத துப்பாக்கி இந்த வாசலைத் தாண்டக்கூடாது. இது உறுதி!

அடக்கத்தின்போது மரியாதை வேட்டுப் போடலாமா என்று பழைய படைவீரர்கள் கேட்டார்கள். ஆல்மா வேண்டாம் என்றார். ஆர்வில் அவரிடம் முன்பே சொல்லியிருந்தாராம்: “சுட்டுச் சுட்டே என் காது போச்சு. அன்னிக்காவது எல்லாரையும் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லு.”

எழுந்து நில்லுங்கள், நண்பர்களே. அவர் கேட்டதைக் கொடுப்போம்.