ஈரலின் பூட்டு

சமயபுரத்து லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு வேறு வேலை தேடி நடந்துகொண்டிருந்தேன். கால் கொப்பளித்ததால் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். முன்சீட்டில் ஒருவர் தன் மைத்துனரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“அண்ணனுக்கு ஈரல்ல புத்துநோய், மச்சான். மஞ்சக்காமாலை வைரஸால வந்ததாம். ஈரல் செல்லு மேல பூட்டு மாதிரி ஏதோ இருக்காம். வைரஸ் சாவியாட்டம் அதுல நுழையுதாம். நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு தெரிய, கட்டியில அந்தப் பூட்டு குறைஞ்சிருக்கான்னு டாக்டர் பாக்குறாராம். சரியா கொதிக்காத ஊசியில தொத்தியிருக்கும்ங்கிறார்.”

“நாளைக்கு அவர் பொண்ணைப் பாக்க வர்றவங்ககிட்ட இதைச் சொல்லிடாதீங்க, மாப்ளே. தொத்து வியாதின்னு எழுந்து போயிடுவாங்க.”

“பின்ன என்ன சொல்றது?”

“குடிச்சுக் கெட்டார்னு சொல்லுங்க. அது எல்லா வீட்லயும் உள்ளதுதான்.”

“டீகூடக் குடிக்காத மனுஷன். ஒத்துக்குவாரா?”

“பொண்ணு கல்யாணம்னா ஒத்துக்குவார்.”

மறுநாள் காலை உறையூரில் ஒரு கிளினிக்கில் ஊசி கொதிக்கவைக்கும் வேலை கிடைத்தது. போதும் என்று கம்பவுண்டர் சொன்ன பிறகும் நான் அடுப்பை அணைக்கவில்லை.