மஞ்சச் சேலைக்காரி

ரெனிஷா: இல்ல மைனி... அது உங்ககூட படிச்ச சபிதா இல்ல. கிட்டப் போயி பாத்துட்டேன்.

ஷெர்லி: செரியா பாத்தியா? மஞ்சச் சேல... நடைபாதைக்க கடைசி வெளக்குத்தூண் பக்கம்...

ரெனிஷா: பாத்தேன். வேற ஏதோ ராஜாக்கமங்கலத்துப் பொம்பள. அவிச்ச கெழங்கு தின்னுட்டு இருக்கா.

ஷெர்லி: தனியாவா?

ரெனிஷா: மாப்பிளகூட. அவரு கடலப் பாக்காரு, இவ கெழங்கப் பாக்கா.

ஷெர்லி: ஹஹ்ஹா... மூச்சு வாங்குதா?

ரெனிஷா: இல்ல.

ஷெர்லி: நேத்து வாங்கிச்சே.

ரெனிஷா: அத எதுக்குக் கேக்கிய?

ஷெர்லி: சும்மாதான்... ஏட்டி, உடனே மண்ணுல இருக்காத, பைய நடந்துக்க. அங்க பாரு, கல்யாண ஃபோட்டோ எடுக்காவ. மாப்பிள பெண்ணத் தூக்கப் போறான்...

ரெனிஷா: பாவம், கையி நடுங்குது. ஐயோ, ரெண்டுபேரும் மண்ணுல!

ஷெர்லி: ஃபோட்டோக்காரன் இன்னொரு தடவ தூக்கச் சொல்லுகான்.

ரெனிஷா: இனி பெண்ணுதான் அவனத் தூக்கணும்.

ஷெர்லி: அது கெடக்கட்டும். மக்கா, மழ வாறதுக்குள்ள இன்னொரு தடவ போ. அவ கழுத்துல கெடக்கது ரெட்டவட மாலையாண்ணு பாத்துட்டு வா.

ரெனிஷா: முந்தாநேத்து கொடக்காரன், நேத்து தாடிக்காரன், இன்னைக்கு மஞ்சச் சேல... ஐப்பசி மேகம் இருட்டிட்டு வருது, நான் உங்களுக்கு ஊரு பாத்துச் சொல்லணும்!

ஷெர்லி: எனக்கு முட்டுவலி இல்லண்ணா நானே போவேன்லா.

ரெனிஷா: ஓடியா போணும்?

ஷெர்லி: நடந்து போனா அவ எழும்பிப் போயிருவாளே!

ரெனிஷா: ஃபோன எதுக்குக் கையிலயே பிடிச்சிட்டு இருக்கிய?

ஷெர்லி: உன் அண்ணன் கூப்பிடுவாரு. போ... போ!

ரெனிஷா: செரி, இந்தா ஓடிட்டு வாறேன்.

ஷெர்லி: அடேயப்பா... அதுக்குள்ள வந்துட்டியா!

ரெனிஷா: ஒத்தவட மாலதான். லாக்கெட்டுல சிலுவ.

ஷெர்லி: லாக்கெட்டு வரைக்கும் பாத்தியா?

ரெனிஷா: பல்லுல கெழங்கு ஒட்டினது வரைக்கும்.

ஷெர்லி: ம்ம்... ஏட்டி, நல்லாத்தான் ஓடுக. வாற ஞாயித்துக்கெழம சர்ச்சுல விளையாட்டுப்போட்டி...

ரெனிஷா: மைனி, அத மட்டும் பேசாதிய! போன வருஷம் நூறு மீட்டர்ல முன்னால போனவ, மொத்த சபையும் பாக்க குப்புற விழுந்தேன். கோயர்ல பாட நிண்ணா இப்பளும் அவளுவ சிரிக்காளுவ. அதோட என் ஓட்டம் முடிஞ்சு.

ஷெர்லி: சிரிச்சவளுவள்ல ஒருத்தியாவது ஓடினாளா? நீ எழும்பி, முட்டுல ரத்தத்தோட கோடு தாண்டினியே... அத ஒருத்தியும் சொல்ல மாட்டாளுவ. அன்னைக்கு நான் அழுதேன் மக்கா.

ரெனிஷா: ...நீங்க அழுதியளா?

ஷெர்லி: சத்தியமா. அதான்... ஒரு காரியம் சொல்லுகேன். ஏசப்பிடாது.

ரெனிஷா: சொல்லுங்க.

ஷெர்லி: உன் பேர நான் குடுத்துட்டேன். மூணு நாளா இந்த ஃபோன்ல நீ ஓடுக நேரம் பாத்துட்டிருக்கேன். இன்னைக்குத்தான் ஏகப்பட்ட வேகம். பொறவு... அந்தக் கொடக்காரன், தாடிக்காரன், மஞ்சச் சேல... அப்படி ஆருமே இல்ல. நானாச் சொன்னது.

ரெனிஷா: தெரியும்.

ஷெர்லி: தெரியுமா? அப்ப கெழங்கு? லாக்கெட்டு?

ரெனிஷா: அதெல்லாம் நானாச் சொன்னது. முந்தாநேத்து கோயர் பழகப் போனப்ப நோட்டீஸ் போர்டுல என் பேரப் பாத்துட்டேன். கோவந்தான் வந்து. ஆனா... ஓடணும்ணு ஆசையாவும் கொதியாவும் இருந்து மைனி.

ஷெர்லி: கள்ளி! அப்ப ஞாயித்துக்கெழம ஓடுவியா?

ரெனிஷா: ஓடுவேன். ஆனா அதே போர்டுல கீழ, நாப்பது வயசு தாண்டின பொம்பளையளுக்கு ஒரு ஓட்டம் போட்டிருந்து.

ஷெர்லி: அதுக்கு?

ரெனிஷா: அதுல உங்க பேர நான் குடுத்தாச்சு. காலம்பற மாடிப்படிய ரெண்டு ரெண்டா சாடி எறங்கின முட்டுக்கு ஒரு வலியும் இல்ல. ஃபோன இங்க தந்துட்டு எழும்புங்க... அந்த மஞ்சச் சேலைக்காரி கெழங்கு தின்னு முடிச்சாளாண்ணு ஓடிப்போயி பாத்துட்டு வாங்க!