தலைக்கு மேல் ஓடும் மோட்டர்

"நாளையிலேருந்து செருப்போடதான் கொழுந்து மாடியில ஏறுவேன். தொரையே வந்து தடுக்கட்டும்."

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். தேயிலை ஃபெக்டரி மாடியில் கொழுந்தை வாடப் பரப்புகிறவள். பக்கத்தில் நின்றவன் அதே ஃபெக்டரியின் எலக்ட்ரீஷியன்.

"செருப்போட கொழுந்துகிட்ட விடமாட்டாங்கக்கா."

"வெறுங்கால்ல ஈரத்துல நிக்கிறது யாரு? தலைக்கு மேல தண்டவாளத்துல கொழுந்து மூட்டைய இழுத்துக்கிட்டு ஓடுதே உங்க மோட்டரு, அது வயரு மடங்குற எடமெல்லாம் வெடிச்சு செம்பு தெரியுது. தொட்டா சுடுது. நேத்து எங்கூட நின்ன லெச்சுமிய கரண்டு தூக்கி எறிஞ்சு, கை மரத்துப்போயி அவ இன்னிக்கு வேலைக்கே வரல."

"அது சுவத்துல அடிக்கிற வயருக்கா, ஒன்றரை ஸ்கொயரு தடிப்புதான். ஓடுற மோட்டருக்கு மெல்லிசு கம்பி நெறைய உள்ள ரப்பர் வயரு வேணும். அந்த நீளத்துக்கு நாலு ஸ்கொயராவது வேணும். எழுதிக் குடுத்தேன். ஸ்டோர்ல இருக்கிறத போடுன்னாங்க."

"நீங்களும் போட்டீங்க."

"போடலேன்னா கொழுந்து கீழயே கெடந்து சூடேறி கெட்டுப்போகும்."

"கொழுந்து கெட்டா கொட்டலாம். எங்கள எங்க கொட்டுவீங்க, தம்பி?"

பஸ்ஸில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போனை எடுத்து ஃபெக்டரி மேலதிகாரியை அழைத்தான்.

"ஐயா, அந்த மோட்டர இப்பவே நிப்பாட்டச் சொல்லுங்க. ரப்பர் வயரு வர்ற வரைக்கும் நான் அதுக்கு கரண்டு குடுக்கமாட்டேன்."

நிறைய ஏச்சு கேட்டபின் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"மூட்டைய நீங்கதான் முதுகுல சொமந்து மாடிக்கு ஏத்தணுமாம்க்கா."

"ஏத்துறோம். முதுகு வலி விடிஞ்சா போயிரும்."