தொங்கிய கம்பி

சாப்பிடுவதற்கு முன் நான் இரண்டு தடவை கை கழுவுவேன். இதை வைத்து வீட்டில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. உணவகச் சமையலறைகளைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எண்ணெய்ச் சட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவனுக்கு இந்தக் கிண்டலெல்லாம் உறைக்காது.

என் மனைவியின் தம்பி சின்னவன் நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் வந்து, அப்பாவைக் கொன்றது தான்தான் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அந்தக் காகிதத்தில் பிழை இருக்கிறது. பிழையான அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அதனால்தான் கூப்பிட்டதும் வந்தேன்.

சின்னவன் நல்லவன்தான். ஆனால் அழுக்கு. கறியில் மசாலா தடவும் பிரஷ்ஷை நக்கி ருசி பார்ப்பான், அதே பிரஷ்ஷைத் திரும்பக் கறியில் வைப்பான். பச்சைக் கறி இருந்த தட்டைச் சட்டையில் துடைத்துவிட்டு, வெந்ததை அதிலேயே எடுத்து வைப்பான். ஏதாவது சொன்னால், "அத்தான், வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று பல்லிடுக்கில் நார் தெரியச் சிரிப்பான். எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள், என் மனைவி உட்பட.

அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் கரி அடுப்பை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டது நான்தான். பெரிய கறித் துண்டு ஆறேழு மணி நேரம் ஒரே சூட்டில் வேக வேண்டும். மழை வந்தால் இரும்பு மூடி குளிர்ந்து கரி சுணங்கிவிடும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அடுப்போடு அடுப்பாக உட்கார்ந்து காற்றுத் துளையைத் திறப்பேன், மூடுவேன். போன வருஷம் சின்னவன் சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி வாங்கி வந்தான். அதிலிருந்து போகும் கம்பி அடுப்புக்குள் சூட்டை அளக்கும். சூடு குறைந்தால் ஒரு குட்டி விசிறி கரிக்கு ஊதும், ஏறினால் நின்றுவிடும். எண் அவன் போனில் தெரியும்.

மாமனார் என் தோளில் கை வைத்து, "மாப்ள, இனிமே நீங்க மழையில நனைய வேணாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தோளில் அவர் விரல்களின் கொழுப்பு ஒட்டியிருந்தது. மூன்று தடவை துவைத்தும் அந்தச் சட்டையை என்னால் போட முடியவில்லை.

மாமனார் அச்சக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் அவருக்குக் கல்லீரலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையிலிருந்தே மழை. சின்னவனின் ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டுக்காயம் சீழ் பிடித்து, கட்டு மஞ்சளாக ஊறிப்போயிருந்தது. அந்த விரலாலேயே ஆட்டுத் தொடையில் மசாலாவை அழுத்தி அழுத்தித் தேய்த்தான். எனக்குச் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பெட்டியைச் சுவரோரம் மாட்டி பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தான். கம்பியைத் தொய்வாகத் தொங்கவிட்டிருந்தான். அப்படி விட்டால் கம்பி வழியே ஓடிவரும் மழைத்தண்ணீர் பெட்டிக்குள் போகாமல் தொய்வின் அடியிலேயே சொட்டிவிடும். அதை மட்டும் அவன் சரியாகச் செய்திருந்தான். எல்லோரும் உள்ளே போன பிறகு நான் அந்தக் கம்பியை இழுத்து நேராக்கினேன். உறையை ஒரு விரற்கடை விலக்கினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது.

கம்பி சொருகும் இடத்தில் தண்ணீர் புகுந்தால், இல்லாத சூட்டை இருப்பதாகப் பெட்டி காட்டும். சின்னவன் சோபாவில் சாய்ந்தபடி, நூற்றுப் பதினைந்து டிகிரி இருக்கிறது, யாரும் மூடியைத் திறந்துவிடாதீர்கள் என்று எல்லோருக்கும் போனைக் காட்டிக்கொண்டிருந்தான். வெளியே விசிறி நின்று வெகுநேரமாகியிருந்தது. மதியம் நான் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் அளவுக்குத்தான் சூடு.

கறி வேகாமல் வெளியே வரும், எல்லோரும் முகம் சுளித்துக் குப்பையில் கொட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு மூடியைத் திறந்தபோது கறி வெளுத்துக் கிடந்தது. சின்னவனுக்கு முகம் செத்துவிட்டது. கூடத்தில் பதினான்கு பேர் பசியோடு இருந்தார்கள். என் மனைவி என்னிடம் ஓடிவந்து, "நீங்க ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள். ஒரு வருஷமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

கறியை மெல்லியதாக நறுக்கி, பெரிய வாணலியில் கருகக் கருக வறுத்தேன். வாசனை வீட்டைத் தூக்கியது. ஒவ்வொருவராகச் சமையலறைக்கு வந்து நின்றார்கள். மாமனார் எட்டிப் பார்த்து, "என்னதான் மெஷின் வந்தாலும் மாப்ள கை வேணும்பா" என்றார். மனைவி என் காதருகே வந்து கேட்டாள்.

"அப்பா இதைச் சாப்பிடலாமா?"

சட்டைப் பையிலிருந்த வெப்பமானியை எடுத்துக் கறியில் குத்தி அவளிடம் காட்டினேன். எழுபத்தெட்டு.

"தாராளமா சாப்பிடலாம்" என்றேன்.

அந்த எண் பொய்யில்லை. சூட்டில் அந்தச் சீழ்க் கிருமிகள் செத்திருக்கும். ஆனால் வெதுவெதுப்பில் ஆறு மணி நேரம் பெருகி அவை கக்கிவைத்த விஷம் எவ்வளவு வறுத்தாலும் போகாது. உணவகக்காரர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் முதல் பாடமே இதுதான். முதல் தட்டை மாமனாருக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்னொரு தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். என் மனைவியும் சாப்பிட்டாள். நான் தொடவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று மாலையே வீடு முழுக்க வாந்தி. கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நான்தான் கழுவினேன். மற்றவர்கள் இரண்டு நாளில் எழுந்துவிட்டார்கள். மாமனார் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அதே கையால் என் கையைப் பிடித்தான். "அத்தான், நான்தானே கொன்னேன்?" என்றான். இல்லை என்று நான் சொல்லவில்லை. கையை எப்போது விடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே காகிதத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். கம்பியை நேராக்கியது நான். கறி கெட்டது தெரிந்தே வறுத்ததும், சாப்பிடலாம் என்று சொல்லித் தட்டை நீட்டியதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். அவனைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த விரலோடு கறியைத் தொட்டதற்காக அவன் மீது எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான். இப்போது இல்லை. அவனை நான் மன்னித்துவிட்டேன்.